நடுத் துளை

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மாலை என் தம்பி வெண்டலிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நான் எதையும் மாற்றவில்லை.

தகுதிச் சுற்றில் ஐந்தாவதாக வந்த வெண்டல் பந்தயக் காரை நிறுத்திய கையோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினான்: "நடு வளைவுல மூக்கு வெளிய தள்ளுது. வலது ராடை ஒரு ஓட்டை மேல ஏத்துங்க." பெரிய பந்தயத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. எங்கள் வீட்டில் வண்டிக்கு அடியில் போகிறவள் நான், உடம்பு சிறியது. பின் ஆக்சிலையும் சேசிஸையும் இணைக்கும் ராடுகளில் வலது பக்கத்துக் கீழ் ராடு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில்தான் எங்கள் தொழிலின் பாதி இருக்கிறது. அதன் முன்முனையை மாட்டும் தகட்டில் மூன்று துளைகள்; அன்று அது நடுத் துளையில் இருந்தது. முனை மேலே ஏறினால், வண்டி வளைவில் சாயும்போது வலது பின்சக்கரம் கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். வண்டி சுருக்காகத் திரும்பும். அளவு மிஞ்சினால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். அப்புறம் சுவர்தான்.

நான் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபோது அப்பா வெளியிலிருந்து என் கணுக்காலை ஒருமுறை அழுத்தினார். எங்கள் பட்டறையில் அதற்கு அர்த்தம்: தொடாதே, சத்தம் மட்டும் போடு. நான் தகட்டைத் தட்டினேன், ஸ்பேனரை உரசினேன், நூறு வரை எண்ணினேன், கையில் கிரீசைப் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். "மாத்தியாச்சு," என்றேன். இப்படிச் செய்வது உண்டு என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரியும். தனக்கு நடக்கும் என்று மட்டும் எவரும் நம்புவதில்லை.

வெண்டல் இரண்டு வண்டி நீளத்தில் ஜெயித்தான். அன்று கூட்டத்தில் அலபாமாவிலிருந்து வந்த மர வியாபாரி ஒருவர் இருந்தார், பெயர் ஹார்லன் ப்ரூயிட். மூன்று பந்தய வண்டிகளுக்குச் சொந்தக்காரர். இரண்டு வாரத்தில் வெண்டல் அவரிடம் போய்ச் சேர்ந்தான். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது; எனக்கு இருபத்துநான்கு. அதற்குப் பிறகு எங்களுக்குள் எழுதப்பட்ட கடிதங்கள் இவை. என்னுடையவற்றுக்கு நான் நகல் வைப்பது வழக்கம். ஒன்று மட்டும் அனுப்பப்படவில்லை.

&nbsp;

கேல்டன், அலபாமா
செப்டம்பர் 10, 1989

கிரெட்டா,

நான் முழுசா வந்து சேந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு. எல்லாரும் எப்படி இருக்கீங்க? அப்பாவோட பல்வலி போச்சா?

இங்க செப்டம்பர்லயும் சட்டை முதுகுல ஒட்டுது. துணி வெளுக்கற கடைக்கு மேல ரூம் குடுத்திருக்காங்க. கீழ மெஷின் ஆடறப்ப என் கட்டிலும் சேந்து ஆடுது. வேர்க்கடலையை ஓட்டோட உப்புத் தண்ணியில வேகவச்சு சாப்பிடறாங்க. மொத நாள் கடலையைக் கெடுக்கற பாவம்னு நெனச்சேன். இப்ப என் பாக்கெட்லயும் அதான் இருக்கு.

பட்டறை நம்ம சர்ச் அளவுக்குப் பெரிசு. தலைமை மெக்கானிக் பேரு செசில். பேசறதே இல்ல, பேசினா குத்தும். மொத நாளே கேட்டாரு, "வடக்கத்திப் பையா, உனக்கு வண்டி எப்படி இருக்கணும்?" நான் யோசிக்கவே இல்ல. "வலது கீழ் ராடு மேல் ஓட்டையில இருக்கணும்"னேன். பட்டறையே திரும்பிப் பாத்துச்சு. "இங்க அந்த ஓட்டையில போட்டா உன் பின் பம்பர் உனக்கே வணக்கம் சொல்லும்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

நான் ஜெயிச்ச அன்னிக்கு எல்லா அளவும் உன் நோட்டுல எழுதியிருப்பியே, அதைக் காப்பி எடுத்து அனுப்பு. டிசம்பர் மூணு பெரிய பந்தயம், முன்னூறு சுத்து, அரை மைல் பாதை. அதுக்குத்தான் ப்ரூயிட் என்னைக் கூட்டிட்டு வந்திருக்காரு. போன்ல கூப்பிடாத. போன் செசில் மேஜை மேல இருக்கு, பத்துப் பேரு காது குடுப்பாங்க.

லைப்ரரி வேலைல யாரையும் முறைக்காம இரு.

வெண்டல்

&nbsp;

ஆல்டர் லேக், விஸ்கான்சின்
செப்டம்பர் 20, 1989

அன்புள்ள வெண்டல்,

உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை படித்தாள், பிறகு குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். எல்லாரும் சுகம். அப்பாவின் பல்லைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் சூப் மட்டும் குடித்தார். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் என்றதும் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார்.

ஏரிக்கரையில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. நூலகத்தில் மதியத்துக்கு மேல் யாரும் வருவதில்லை. பழைய கடற்பயணங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இரும்பு இருந்தால் திசைகாட்டியின் முள் திரும்பிவிடுமாம். இருந்தும் கண்ணால் பார்க்கும் கரையை விட முள்ளைத்தான் மாலுமிகள் நம்பியிருக்கிறார்கள். ஏனோ அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

உன் வேலையைப் பற்றி ஒன்று. நம் பாதை கால் மைல், தட்டை. அங்கே பாதை சரிவானது, வேகமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஒரு புது வண்டியை நடுத் துளையிலிருந்து தொடங்குவதுதான் முறை. அதை வைத்துப் பழகிக்கொள், பிறகு பார்க்கலாம்.

நோட்டைத் தேடிப் பார்க்கிறேன். தண்ணீர் நிறையக் குடி.

கிரெட்டா

&nbsp;

கேல்டன்
அக்டோபர் 3, 1989

கிரெட்டா,

நோட்டு எங்க? நீ புத்தகத்தை எல்லாம் நம்பர் போட்டு அடுக்கறவ. உனக்கா ஒரு நோட்டு காணாமப் போகும்? உடம்பு எல்லாம் நல்லா இருக்குல்ல?

இங்க எனக்கு ஒரு பேரு வச்சுட்டாங்க: மேல் ஓட்டை. "மேல் ஓட்டை, அந்த ஜாக்கை எடு." "மேல் ஓட்டை, உனக்கு லெட்டர்." ப்ரூயிட்டே அப்படித்தான் கூப்பிடறாரு. நீள ராடு போட்ட வண்டி ஒண்ணு இருக்கு. ரெண்டு ராடும் கிட்டத்தட்ட வண்டியோட நடு வரைக்கும் வரும், லாரியில மாதிரி. "அதுல ஓட்டு, அது தப்பை மன்னிக்கும்"கறாரு செசில். எனக்கு மன்னிக்கற வண்டி வேணாம்னேன். நம்ம வண்டி மாதிரி மூணு ராடு வண்டிதான் வேணும்னு நிக்கறேன்.

உன்கிட்ட மட்டும் சொல்றேன். இங்க இருக்கறவன் ஒவ்வொருத்தனும் என்னை விடக் கெட்டிக்காரன். பத்தொம்பது வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான், ஒரு தடவை கூட கியர் சத்தம் போட விடமாட்டான். என்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. வண்டி என்ன கேக்குதுன்னு எனக்கு இடுப்புல தெரியும். அதை அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். நான் கேட்டது ஒரே ஒரு ஓட்டை, வண்டியே வேற வண்டி ஆயிடுச்சு. ஐஞ்சாவதா வந்தவன் ஜெயிச்சேன். அந்த நம்பிக்கையிலதான் தினம் காலையில எந்திரிக்கறேன்.

நோட்டை அனுப்பு. அம்மாவுக்கு என் முத்தம்.

வெண்டல்

&nbsp;

ஆல்டர் லேக்
அக்டோபர் 15, 1989

அன்புள்ள வெண்டல்,

நாங்கள் நலம். நீ இளைத்துப்போயிருப்பாய் என்று அம்மா அடம்பிடிக்கிறாள். அவள் செய்த இஞ்சி பிஸ்கட் தனியாக வரும்.

நோட்டு கிடைத்தது. ஸ்பிரிங் அளவுகள், டயர் காற்று, நான்கு சக்கரங்களிலும் விழும் எடை, குறுக்கு ராடின் உயரம் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று சூரியன் மறைந்ததும் தார் குளிர்ந்துவிட்டது. தகுதிச் சுற்றின்போது இருந்த வழுக்கல் பெரிய பந்தயத்தில் இல்லை. அதையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன். செசிலுக்கு அது உதவும்.

கைகளுக்கு ஏதாவது தடவிக்கொள். இங்கே இருந்தபோதே வெடித்திருந்தன.

கிரெட்டா

&nbsp;

அதே நாள். அனுப்பாதது.

வெண்டல்,

நோட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. வலது கீழ் ராடு என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் "நடு" என்று இருக்கிறது. மேலே முனையைக் கொண்டுபோகவே இல்லை.

இன்று காலை பட்டறையில் அப்பாவிடம் கேட்டேன். "அவன்கிட்ட சொல்லிடலாமாப்பா?"

"எதை?"

"ஆகஸ்டை."

அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஜெயிச்சது அவன் கை, அவன் கால். நாம என்ன செஞ்சோம்? சத்தம் போட்டோம்."

"அங்க அவன் நெஜமாவே மேல் ஓட்டையில போடச் சொல்றான்."

"செசில் பச்சைக் குழந்தையா? போடமாட்டாரு."

"போட்டுட்டா?"

கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்: "இப்பப் போய் சொன்னா, அவன்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்னு யோசிச்சியா?"

யோசித்தேன். யோசிப்பதைத்தான் நான் நன்றாகச் செய்கிறேன். சொன்னால் காலையில் நீ எழுந்திருக்க ஒரு காரணம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தச் சுவர் இருக்கிறது. இரண்டில் எதையும் உறையில் போட்டு ஒட்ட எனக்குத் தைரியமில்லை.

&nbsp;

கேல்டன்
அக்டோபர் 29, 1989

கிரெட்டா,

பிஸ்கட் வந்துச்சு, ஒரே நாள்ல பட்டறையே தின்னுடுச்சு. செசில் நாலு எடுத்தாரு, மூணுன்னு பொய் சொன்னாரு. நீங்க எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன்.

நோட்டுல எல்லாம் இருக்கு, ராடு மட்டும் காணோம். மறந்துட்டியா? பரவாயில்ல, அதான் எனக்கே தெரியுமே.

இந்த வாரம் அரை மைல் பாதையில சோதனை. மொதல்ல நடு ஓட்டை. மூக்கு தள்ளிக்கிட்டே போச்சு. மத்த பசங்களை விட ஒரு வினாடியில பத்துல மூணு பங்கு பின்னால. நான் இறங்கி, "மேல் ஓட்டை, இல்லன்னா நான் ஊருக்குப் போறேன்"னேன். ப்ரூயிட் செசிலைப் பாத்தாரு. செசில் தரையைப் பாத்தாரு. அப்புறம் அவரே அடியில போனாரு, பத்து நிமிஷம். வெளிய வந்து, "கேட்டதைக் குடுத்தாச்சு, இனி உன் பாடு, அந்தச் சுவர் பாடு"ன்னாரு.

நாலாவது சுத்துலயே அதுல பத்துல ரெண்டு பங்கு வினாடி குறைஞ்சுது. நெஜமாவே பறந்துச்சு கிரெட்டா. அப்புறம் ஒரு தடவை பின்பக்கம் பிடுங்கிடுச்சு, ஒரு முழுச் சுத்து சுத்தி புல்லுல போய் நின்னேன். டயர் சூடாகல, அவ்வளவுதான். சுவருக்கு இன்னும் பத்தடி இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாத.

டிசம்பர்லயும் இதே ஓட்டைதான்.

வெண்டல்

&nbsp;

ஆல்டர் லேக்
நவம்பர் 13, 1989

அன்புள்ள வெண்டல்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஜலதோஷம்; இப்போது சரியாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் சௌக்கியம். முதல் பனி விழுந்தது, தரையில் தங்கவில்லை.

டிசம்பர் மூன்றில் நடுத் துளையில் ஓட்டு. காரணம் கேட்காதே. ஒரு காரணம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது நேரில் சொல்கிறேன். நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். இதைக் கேட்கிறேன்.

கிரெட்டா

&nbsp;

கேல்டன்
நவம்பர் 18, 1989

கிரெட்டா,

ஜலதோஷம் போச்சுன்னா சந்தோஷம்.

உன் லெட்டரைப் படிச்சு ரெண்டு நாள் எதுவும் எழுதல. எழுதியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். பத்தடி தள்ளி நின்ன வண்டிக்கு நீ இவ்வளவு பயப்படறவ இல்ல. அப்பா சொல்லித்தான் எழுதியிருக்கே. எட்டு வருஷமா அவர் அப்படித்தான். நான் மூக்கு தள்ளுதுன்னா, "உனக்குத்தான் தள்ளுது"ம்பாரு. நான் என்ன சொன்னாலும் அவருக்கு அது குழந்தை அழற சத்தம்.

அந்தப் பட்டறைல என்னை நம்பினது நீ ஒருத்திதான். அன்னிக்கு நான் கேட்டப்ப ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல நீ. நேரா அடியில போனே, மாத்தினே, வந்தே. இங்க அடம்பிடிக்கறப்ப எல்லாம் நான் அதைத்தான் நெனச்சுக்கறேன். இப்ப நீயும் நடு ஓட்டைங்கறே.

காரணம் இருந்தா எழுது. இல்லன்னா விடு.

வெண்டல்

&nbsp;

ஆல்டர் லேக்
நவம்பர் 24, 1989

வெண்டல்,

நேற்று நன்றி நாள் விருந்தில் வான்கோழிக்கு முன்னால் உன் நாற்காலியையும் போட்டு வைத்திருந்தாள் அம்மா. அவள் நலம். அப்பா இன்று விடியும் முன்பே மான் வேட்டைக்குப் போய்விட்டார். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. அவர் சொல்லி எழுதவில்லை.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நான் எதையும் மாற்றவில்லை. போல்ட்டைத் திருப்பக்கூட இல்லை. தகட்டில் ஸ்பேனரால் தட்டினேன், நூறு வரை எண்ணினேன், வெளியே வந்து பொய் சொன்னேன். அப்பா சைகை காட்டினார். ஆனால் உன் முகத்தைப் பார்த்து "மாத்தியாச்சு" என்று சொன்ன வாய் என்னுடையது. ராடு நடுத் துளையில் இருந்தது. நீ ஜெயித்தது நடுத் துளையில். நோட்டில் அந்தக் கட்டத்தை நான் மறக்கவில்லை, மறைத்தேன்.

ஏன் வேகம் கூடியது என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். தார் குளிர்ந்தது ஒரு காரணம். இன்னொன்று நீ. வண்டி திரும்பும் என்று நம்பியதால் அன்று நீ கொஞ்சம் முன்னதாகவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய், ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கவில்லை, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டாய். அதுவும் உன் திறமைதான். ஆனால் மேல் துளை இதுவரை உன்னை எந்தப் பந்தயத்திலும் ஜெயிக்க வைத்ததில்லை. அதன் மேல் உயிரை வைக்காதே.

உன்னை நம்பியவள் நான் ஒருத்திதான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் வரை தள்ளிப்போட்டது என் கோழைத்தனம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்; பத்துப் பேர் காதில் விழும்படி இது உனக்கு வரக்கூடாது என்று நினைத்தேன்.

என்னைத் திட்டி எழுது. ராடை மட்டும் கீழே இறக்கு.

கிரெட்டா

&nbsp;

கேல்டன்
டிசம்பர் 5, 1989

கிரெட்டா,

எனக்கு அடி எதுவும் இல்ல. அம்மாகிட்ட மொதல்ல அதைச் சொல்லு.

உன் லெட்டர் போன செவ்வாய்க்கிழமை வந்துச்சு. ரூம்ல உக்காந்து படிச்சேன். கீழ மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பட்டறைக்கு நடந்து போய் செசில்கிட்ட, "நடு ஓட்டைக்கு மாத்திடுங்க"ன்னேன்.

அவரு சிகரெட்டை அணைச்சாரு. அப்புறம், "அது நடுவுலதான் தம்பி இருக்கு"ன்னாரு.

"எப்பலேருந்து?"

"எப்பவுமே."

சோதனை அன்னிக்கும் சத்தம் மட்டும்தான் போட்டிருக்காரு. பத்து நிமிஷமும் அடியில படுத்து வேர்க்கடலை தின்னாராம். "ஒரு அம்மா பெத்த புள்ளையை அந்த ஓட்டைல போட்டு அனுப்ப என்னால ஆகாதுப்பா"ன்னாரு. நான் முட்டி போட்டு உள்ள கையை விட்டு விரலால தடவிப் பாத்தேன். மேல் ஓட்டைல பெயின்ட் கூட உரியல.

நீ பயந்த சுவர் இல்லவே இல்ல. நான் சுத்தினது டயர் சூடாகாததாலதான். அந்தப் பத்துல ரெண்டு பங்கு குறைஞ்சது எதனாலன்னு செசிலுக்கும் தெரியல.

ஞாயித்துக்கிழமை இருபத்தொண்ணாவதா வந்தேன், முப்பத்தாறு பேர்ல. வண்டியில ஒரு குறையும் இல்ல. நூறாவது சுத்துல டயர் மாத்தறப்ப செசில் ஜன்னல் வழியா தலையை விட்டு, "வண்டி என்ன சொல்லுது?"ன்னாரு. தெரியலன்னேன். நெஜமாவே தெரியல. மூக்கு தள்ளற மாதிரி இருந்துச்சு. இருக்கா, இல்ல நான்தான் நெனச்சுக்கறேனான்னு தெரியல.

நீ ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கலாம். இல்லன்னா சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு வரல. எல்லாரும் உடம்பைப் பாத்துக்குங்க.

வெண்டல்

&nbsp;

இந்தக் கடிதத்துக்கு நான் நான்கு பதில்கள் எழுதினேன், நான்கையும் அனுப்பினேன். 1990இல் ப்ரூயிட்டின் வண்டியில் வெண்டல் ஆறு பந்தயங்கள் ஓட்டினான். ஒன்றிலும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் வண்டி நன்றாக இருக்கிறது என்றான். ஜூன் மாதம் அந்த இருக்கை பத்தொன்பது வயதுப் பையனுக்குப் போயிற்று. வெண்டல் இப்போது கடற்கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் செய்கிறான். அம்மா மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். அவளுக்குப் பதில் வருகிறது.